கருத்துத் திரும்பிய வெண்ணெய்

ஜூன் 3

அன்புள்ள தம்பிக்கு,

கூடை பத்திரமாக வந்து சேர்ந்தது. கூடையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அதற்குள் இருந்ததைப் பற்றிச் சொல்ல எனக்குக் கொஞ்சம் தைரியம் வேண்டியிருக்கிறது.

உங்கள் கிடங்கு லாரியின் ஓட்டுநர், நீங்களெல்லாம் நெட்டை என்று அழைப்பவர், படியேறி வந்து கூடத்தில் இறக்கி வைத்துவிட்டுப் போனார். முறிந்த இடுப்பு எலும்பு கூடியபின் இப்போது கைத்தடியோடு நடக்கிறேன். மகள் வீட்டில் பத்து மாதம் படுத்துக் கிடந்தபோது அந்தக் குடியிருப்பில் பிராணி கூடாது என்றதும், கேட்காமலே வந்து பூனையை வாங்கிக்கொண்டு போனவர் நீங்கள். அதை மறந்துவிட்டு இதை எழுதவில்லை.

தம்பி, வந்திருப்பது வெண்ணெய்தானா?

கேட்டுவிட்டேன். இனிக் காரணங்களைச் சொல்கிறேன். உங்கள் அக்கா அதற்கு வெண்ணெய் என்று பெயர் வைத்ததே நிறத்தைப் பார்த்துத்தான். காது, மூக்கு, வால், பாதம் தவிர உடம்பு முழுக்க வெண்ணெய் நிறம். இப்போது வந்திருப்பதற்குக் கழுத்தும் முன்னங்கால்களும் தொடையும் ஆறிப்போன காபி மாதிரி இருக்கின்றன. வயிற்றைச் சுற்றியும் முதுகின் நடுவிலும் மட்டும் வெளுப்பு. அந்த வெளுப்பின் ஓரம் கத்தரித்தது போல நேராக ஓடுகிறது. யாரோ நடுவை மூடிக்கொண்டு மற்ற இடத்துக்குச் சாயம் பூசியிருக்கிறார்களோ என்றுகூடத் தோன்றியது. பஞ்சில் ஸ்பிரிட் நனைத்துத் தேய்த்துப் பார்த்தேன். நிறம் வரவில்லை. பூனைதான் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தது.

கண் நீலம்தான். ஆனால் இந்த ஜாதிப் பூனைக்கெல்லாம் கண் நீலம்தானே? அக்காவின் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் படத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டேன். நானே எடுத்து, நானே டார்க் ரூமில் பிரிண்ட் போட்ட படம். பிரிண்டுக்கு வெளிச்சம் குறைவாகக் கொடுத்து வெளுப்பாகப் போட்டுவிட்டேனோ என்ற சந்தேகத்தில் நெகடிவைத் தேடிப் பிடித்துப் பார்த்தேன். தவறு என்னுடையதில்லை என்றுதான் தோன்றுகிறது. உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

அந்த நாற்காலிப் பக்கமே அது போகவில்லை. ஃபிரிட்ஜுக்குப் பின்னால் போய்ப் படுத்துக்கொள்கிறது. மோட்டார் ஓடும்போது தூங்குகிறது, நின்றால் விழித்துக்கொள்கிறது.

பழையது செத்துப்போயிருந்தால் சொல்லிவிடுங்கள். தாங்கிக்கொள்வேன். உங்கள் அக்கா கடைசியாக என்னிடம் கேட்டது அதைப் பார்த்துக்கொள்ளச் சொல்லித்தான். எனக்குத் தெரியவேண்டியது அது ஒன்றுதான்.

உங்கள்
அத்தான்


ஜூன் 10

அத்தானுக்கு,

உங்களை மாதிரி எழுத எனக்கு வராது. பேசற மாதிரிதான் எழுதுவேன், பொறுத்துக்கங்க.

சாயம் பூசறதுக்கு அது என்ன சட்டையா? என் தலைக்கு மை அடிக்கவே எனக்கு நேரமில்ல. ஸ்பிரிட் போட்டுத் தேச்சீங்களாமே, அவன் உங்களைக் கடிக்காம விட்டதுக்கு அவனுக்கு நன்றி சொல்லுங்க.

அவன்தான் அத்தான். வேற பூனை இல்ல. மாடியில வெயில்ல கிடந்து கிடந்து கருத்துட்டான், அவ்வளவுதான். மனுஷன் கருக்கறதில்லையா? சாப்பாட்டுக்கு ஒரு குறையும் இல்ல. நான் "டேய் வெண்ணெய்"னு கூப்பிட்டா லோடு ஏத்துற பசங்கள்ல ரெண்டு பேர் திட்டறேன்னு நினைச்சுத் திரும்பிப் பாப்பானுங்க. அவன் மட்டும் திரும்ப மாட்டான். அதே திமிர். அக்கா வளர்ப்பு.

நீங்க சந்தேகப்படறது எனக்குப் புதுசில்ல. அக்கா போன அன்னிக்கு அலமாரியத் திறந்து துணியெல்லாம் எண்ணினீங்க. கம்பளிச் சால்வையக் காணோம்னு யாரையும் பாக்காம சொன்னீங்க. யாரையும் பாக்காம சொன்னாலும் என்னைத்தான் பாத்தீங்கன்னு எனக்குத் தெரியும்.

பதில் போட்டா கிடங்கு விலாசத்துக்கே போடுங்க. வீட்டுப் பக்கம் தபால் ஒழுங்கா வர்றதில்ல.

தம்பி


ஜூன் 19

அன்புள்ள தம்பிக்கு,

சால்வை விஷயத்தில் நான் யாரையும் பார்க்கவில்லை. அப்படிப் பார்த்ததாக உங்களுக்குத் தோன்றியிருந்தால், பார்த்திருப்பேனோ என்று எனக்கே இப்போது தோன்றுகிறது. அதை விட்டுவிடுவோம்.

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். முதல் முறை சிரித்தேன். இரண்டாம் முறை வெட்கப்பட்டேன். மூன்றாம் முறை படிக்கையில், லோடு ஏற்றுகிற ஆட்கள் உங்கள் வீட்டு மாடியில் என்ன செய்கிறார்கள் என்ற கேள்வி வந்துவிட்டது.

பூனையைக் கூடையில் வைத்துக் கால்நடை மருத்துவரிடம் எடுத்துக்கொண்டு போனேன். சின்ன வயதுப் பெண். வெயிலில் கருத்ததென்று நீங்கள் எழுதியதைச் சொன்னதும் கையுறையைக் கழற்றிவிட்டுச் சிரித்தார்.

"ஐயா, வெயில்ல முடி வெளுக்கும், கருக்காது. இது நல்ல குளிர்ல இருந்திருக்கு. எங்க வச்சிருந்தீங்க?"

"மைத்துனர் வீட்டு மாடியில்."

"மாடியா, ஐஸ் பெட்டியா?"

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்தவரை எழுதுகிறேன். கருமை ஏறுவதற்கான ஏற்பாடு இந்த ஜாதிக்கு உடம்பு முழுக்கப் பிறவியிலேயே இருக்கிறதாம். ஆனால் அந்த ஏற்பாட்டுக்குச் சூடு ஆகாது. தோல் குளிர்ந்திருக்கிற இடத்தில் முளைக்கும் முடியில்தான் நிறம் ஏறும். உடம்பின் ஓரங்களில் சூடு குறைவு என்பதால்தான் காதும் மூக்கும் வாலும் பாதமும் கருப்பு. தாய் வயிற்றின் வெதுவெதுப்பில் இருந்து வரும் குட்டிகள் வெள்ளையாகவே பிறக்கின்றன, பிறகுதான் ஓரங்கள் கருக்கின்றன. இதே பூனையைக் குளிரான இடத்தில் மாதக்கணக்கில் வைத்தால், பழைய முடி உதிர்ந்து புது முடி கருப்பாக வரும்.

வாழ்நாளெல்லாம் டார்க் ரூமில் கழித்தவனுக்கு இது சட்டென்று பிடிபட்டது. பிறவி என்பது நெகடிவ். இருக்கிற இடம்தான் படம் கழுவும் கரைசல். கரைசல் எத்தனை டிகிரி என்பதைப் பொறுத்துப் படம் மாறும். எங்களுக்குச் சூடேறினால் படம் கருக்கும், பூனைக்குத் தலைகீழ்.

ஆக, நிறத்தை வைத்து இது வேறு பூனை என்று நான் சொன்னது செல்லாது. அந்த மட்டுக்கு என் தவறு. ஆனால் இதுதான் அந்தப் பூனை என்றும் நிறம் சொல்லவில்லை. அது சொல்வது ஒன்றுதான்: இது உங்கள் வீட்டில் இருக்கவில்லை.

மருத்துவர் தொடையில் கருத்த இடம் பார்த்து ஒரு சின்னச் சதுரம் மழித்து, பஞ்சு வைத்துக் கட்டியிருக்கிறார். சூட்டில் வெளுப்பாக முளைத்தால் அவர் சொன்னது சரி. நான் கேட்டுத்தான் செய்தார். எனக்கு எதையும் ஒரு தரம் கழுவிப் பார்த்தால்தான் நம்பிக்கை வரும் என்று உங்களுக்குத் தெரியும்.

அந்த நடுவெளுப்பு மட்டும் அவருக்கும் விளங்கவில்லை.

அது எங்கே இருந்தது, தம்பி?

அத்தான்


ஜூன் 27

அத்தானுக்கு,

பூனைக்கு ஒரு கோர்ட்டு வச்சிருக்கீங்க. டாக்டரம்மா ஜட்ஜு, நீங்க வக்கீல், நான் கூண்டுல. நல்லா இருக்கு.

உயிரோட அனுப்பினேன். எலும்பும் தோலுமா அனுப்பல. அதுக்கு மேல நான் எதுவும் சொல்றதுக்கில்ல. சந்தேகம் தீரலன்னா அதே கூடையில நெட்டைகிட்ட குடுத்து அனுப்பிடுங்க. நான் வச்சுக்கறேன்.

அந்தக் கட்டைச் சீக்கிரம் அவுத்துருங்க. கால்ல எது கட்டினாலும் அவனுக்கு ஆகாது.

தம்பி


ஜூலை 8

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதம் சிறியதாக இருந்தது எனக்குப் பயமாக இருந்தது. நீங்கள் சுருக்கமாகப் பேசி நான் கேட்டதில்லை.

இந்த முறை நான் மனதில் நினைத்ததை ஒளிக்காமல் எழுதுகிறேன், பிறகு நீங்கள் என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள். கிடங்கில் எலித்தொல்லை என்று எப்போதோ சொல்லியிருந்தீர்கள். மீன் பெட்டிகளை அடுக்கி வைக்கிற குளிர் அறைகளுக்கு நடுவில் அக்காவின் பூனையை எலி பிடிக்க விட்டுவிட்டீர்கள் என்று முடிவு கட்டினேன். ஃபிரிட்ஜ் மோட்டார் சத்தத்தில் தூங்குவதும் அதற்குப் பொருந்தியது. ஒரு வாரம் உங்கள் மேல் கோபமாக இருந்தேன். எனக்குக் கோபப்பட்டுப் பழக்கமில்லை.

நேற்று நெட்டை வந்தார். இந்தப் பக்கம் லோடு இருந்ததாம், பூனையைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று ஏறி வந்திருக்கிறார். அவரைக் கேட்கலாமா வேண்டாமா என்று நான் டம்ளரைக் கழுவிக்கொண்டே நின்றேன். கழுவிய டம்ளரையே மறுபடியும் கழுவினேன். அவரே பேசினார், உங்களை மேஸ்திரி என்று சொல்லி.

"பூனை போனதுல இருந்து மேஸ்திரிக்குத் தூக்கமே இல்லீங்க. ரெண்டும் ஒரே கம்பளிக்குள்ளதான் கிடக்கும்."

"எங்கே?"

"எங்கன்னா, கிடங்கு வாசல்ல கேட் ரூம்லதான்."

சொன்ன பிறகுதான் என் முகத்தைப் பார்த்தார். தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு, லாரியை ஓரமாக நிறுத்தவில்லை என்று கிளம்பிவிட்டார்.

அவர் போனபின் பூனையை மடியில் வைத்துக்கொண்டு வெளுப்பின் ஓரத்தை விரலால் தடவிக்கொண்டே போனேன். கழுத்துக்குக் கீழே நேராக ஓடுகிறது. முன்னங்கால் இரண்டையும் சுற்றி வளைகிறது. பின்னால் இடுப்பில் மறுபடி நேராக முடிகிறது. பிரிண்ட் போடும்போது அட்டை வெட்டி ஒளியை மறைத்தவன் நான், இது எனக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். யாரோ இதற்கு ஒரு சட்டை போட்டிருக்கிறார்கள். மாதக்கணக்கில் போட்டிருக்கிறார்கள். சட்டைக்குள் சூடு இருந்திருக்கிறது, அதனால் அங்கே வெளுப்பு.

எலி பிடிக்க விட்ட பூனைக்கு யாரும் சட்டை தைக்கமாட்டார்கள்.

எனவே என் கேள்வியை மாற்றிக்கொள்கிறேன். பூனை எங்கே இருந்தது என்று இனிக் கேட்கவில்லை. மனைவி போனபின் மகனோடு நல்லபடியாக இருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்த நீங்கள், கேட் ரூமில் ஏன் படுக்கிறீர்கள்?

அத்தான்


ஜூலை 17

அத்தானுக்கு,

நெட்டைக்கு உடம்புதான் நீளம்னு நினைச்சேன், நாக்கும் நீளம். போகட்டும்.

பூனையைக் கொண்டுபோன ரெண்டாவது மாசமே மருமகளுக்கு மூச்சு இளைக்க ஆரம்பிச்சுது. முதல்ல தூசின்னு நினைச்சோம். மெத்தைய மாத்தினோம், ஜன்னல்ல வலை அடிச்சோம். அப்புறம்தான் பூனை முடின்னு தெரிஞ்சுது. அந்தப் பொண்ணு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல அத்தான், அதை நீங்க நல்லா புரிஞ்சுக்கணும். கதவைச் சாத்திக்கிட்டு உள்ள இருமும். மகன்தான் வந்து நின்னான்.

"அப்பா, அது இங்க இருக்க முடியாது."

"பத்து மாசம்தான்னு டாக்டர் சொல்லியிருக்காருடா. அவரு நடக்க ஆரம்பிச்சதும் குடுத்துடலாம்."

"பத்து நாள்கூட தாங்காது. எங்கயாவது விட்டுட்டு வாங்க."

"எங்க விடறது?"

"தெருவுலதான் ஆயிரம் பூனை இருக்கே."

போர்வைய எடுத்துக்கிட்டேன், கூடைய எடுத்துக்கிட்டேன். அவன் பூனையை மட்டும்தான் வெளிய அனுப்பினான், நானும் சேர்ந்து போவேன்னு நினைக்கல. நானும்தான் நினைக்கல. வாசல் தாண்டினதுக்கு அப்புறம் திரும்பிப் போக வெக்கமா இருந்துது. கிடங்குல கேட் ரூம் காலியாதான் இருந்துது. முதலாளி கேட்டாரு, வாட்ச்மேன் சம்பளம் மிச்சம்னு ஒத்துக்கிட்டாரு.

பூனைக்காக வீட்டை விட்டேன்னு பெருசா எடுத்துக்காதீங்க. எனக்கும் அந்த வீட்டு டிவி சத்தம் ஆகல.

கேட் ரூம் குளிர் அறைக்கு ஒட்டின சுவரு. தொட்டா விரல் மரத்துடும். அவன் கருக்கறது எனக்கும் தெரிஞ்சுதான் இருந்துது. ஏன்னு தெரியல. ஏதோ சீக்குன்னு பயந்து மீனுக்குப் பதிலா முட்டை வாங்கிக் குடுத்துப் பாத்தேன். வெயில்ல கருத்ததுன்னு உங்களுக்கு எழுதினது பொய். வேற என்ன எழுதறது? வீட்டுல இல்லன்னு எழுதினா ஏன்னு கேப்பீங்க. ஏன்னு சொன்னா, இடுப்போட அங்க கிடந்துகிட்டு, உங்களால ஒருத்தன் தெருவுக்கு வந்துட்டான்னு நினைச்சே சாப்பிடாம இருப்பீங்க. உங்களை எனக்குத் தெரியாதா?

சட்டை விஷயம். ஒரு நாள் கம்ப்ரஸர் பக்கம் ஆயில் தட்டுல விழுந்து எழுந்து வந்தான். நடு உடம்பு பூரா பிசுக்கு. சோப்புக்கும் போகல, நக்கினா விஷம். நானும் நெட்டையும் சேர்ந்து பிடிச்சு நடுவுல முழுசா மழிச்சுட்டோம். நெட்டை கையில இன்னும் தழும்பு இருக்கு, அடுத்த தரம் காட்டச் சொல்லுங்க. மழிச்ச பூனையைப் பாத்திருக்கீங்களா? பாதி எலி மாதிரி இருந்தான். அந்தச் சுவத்துப் பக்கம் வெட வெடன்னு நடுங்கறான். என்கிட்ட கம்பளின்னு இருந்தது ரெண்டு. ஒண்ணு என் போர்வை. இன்னொண்ணு அக்கா சால்வை.

ஆமா. நான்தான் எடுத்தேன். நீங்க அலமாரியத் திறக்கறதுக்கு முன்னாடியே எடுத்துட்டேன். கேட்டா குடுத்திருப்பீங்க, தெரியும். அன்னிக்கு யார்கிட்டயும் எதையும் கேக்க முடியல. அவ கழுத்துல போட்டிருந்தது அது. வச்சிருந்தேன், அவ்வளவுதான். அப்புறம் அதை வெட்டித் தைச்சேன். மூணு பேரு பாத்து சிரிச்சானுங்க.

மிச்சத்தையும் சட்டையையும் இதோட அனுப்பறேன். பூனையை அனுப்பின அன்னிக்கு சட்டையைக் கழட்டிதான் அனுப்பினேன். போட்டு அனுப்பினா நீங்க சால்வைய அடையாளம் கண்டுபிடிச்சுடுவீங்கன்னு. எப்படியும் சட்டையைக் கண்டுபிடிச்சுட்டீங்க.

உங்களுக்குச் சேர வேண்டியது. பத்திரம்.

தம்பி


ஜூலை 28

அன்புள்ள தம்பிக்கு,

பொட்டலத்தைப் பிரித்து மேஜை மேல் வைத்தேன். சட்டையைப் பூனைக்குப் போட்டுப் பார்த்தேன். நீங்கள் கோர்ட்டு என்று சொல்வீர்கள் என்று தெரிந்துதான் போட்டேன். வெளுப்பின் ஓரமும் துணியின் ஓரமும் ஒன்றின் மேல் ஒன்று அப்படியே உட்கார்ந்தன. இடது கைப் பக்கம் நீங்கள் கோணலாக வெட்டியிருக்கிறீர்கள். முடியும் அங்கே அதே கோணலில்தான் வெளுத்திருக்கிறது. நெகடிவும் பிரிண்டும் இவ்வளவு துல்லியமாகப் பொருந்தி நான் குறைவாகவே பார்த்திருக்கிறேன்.

தொடைச் சதுரத்தின் கட்டை நேற்று மருத்துவர் அவிழ்த்தார். புது முடி வெளுப்பாகத்தான் முளைத்திருக்கிறது. ஓர் ஆற்றலைப் பிறவியில் வைத்துவிட்டு, அது எப்போது வெளிப்பட வேண்டும் என்பதை இடத்தின் கையில் விட்டிருப்பதைப் பற்றி அவரிடம் வெகுநேரம் பேசினேன். இந்த வீட்டுச் சூட்டில் இன்னும் ஓரிரு முடி உதிர்வில் மற்ற இடங்களும் வெளுத்துவிடும் என்றார். அடுத்த நோயாளியாக ஒரு நாய் காத்திருந்ததால் எழுந்துவிட்டேன்.

இதெல்லாம் இருந்தும், வந்திருப்பது அதே பூனைதான் என்று எது சொல்லும் என்ற கேள்வி எனக்குள் ஒரு மூலையில் இருந்துகொண்டுதான் இருந்தது. உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. என் புத்தி அப்படி.

சால்வையின் மிச்சத்தை மடித்து அலமாரியில் வைக்கப் போனேன். வைக்க மனம் வராமல் அக்காவின் நாற்காலியில், அவள் போடுகிற மாதிரி முதுகுப் பக்கமாகப் போட்டேன். சமையலறையில் ஃபிரிட்ஜ் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அவன் அதன் பின்னாலிருந்து எழுந்து வந்தான். நாற்காலியைச் சுற்றினான். சால்வையை மோந்து பார்த்தான். ஏறி, இரண்டு தரம் பிசைந்துவிட்டு, அந்தப் படத்தில் இருக்கிற மாதிரியே வலது பாதத்தை வெளியே தொங்கவிட்டு உட்கார்ந்தான். நாற்காலி அவனுக்கு மறக்கவில்லை, தம்பி. நாற்காலியில் சால்வை இல்லாமல் இருந்ததுதான் அவனுக்குப் புரியவில்லை.

இனி நான் எதையும் கழுவிப் பார்க்க மாட்டேன்.

உங்கள் மகனுக்கு ஒரு கடிதம் எழுதலாமா என்று நினைத்து, அது என் வேலையில்லை என்று விட்டுவிட்டேன். நீங்கள் போய் அந்தப் பெண்ணின் இருமல் நின்றுவிட்டதா என்று கேட்டுவிட்டு வந்தால் போதும் என்று தோன்றுகிறது. அப்புறம் இங்கே வாருங்கள். டார்க் ரூமைக் காலி செய்திருக்கிறேன். தொட்டிகளை எல்லாம் வெளியே போட்டாயிற்று. ஜன்னலில் ஒட்டியிருந்த கருப்புக் காகிதத்தைக் கிழித்தபோது உள்ளே வெயில் விழுந்தது, எனக்கே அந்த அறை யாருடையதோ போல இருந்தது. கட்டில் மேற்குச் சுவரோரம். அது பகலெல்லாம் சூடேறி வெதுவெதுப்பாக இருக்கும். என் வீட்டில் டிவி இல்லை.

நீங்கள் வரமாட்டேன் என்று எழுதுவீர்கள் என்ற சந்தேகம் எனக்கு இருக்கிறது. சந்தேகம் என்னை விட்டு ஒரேயடியாகப் போய்விடாது. அதனால் பதிலுக்குக் காத்திருக்காமல், இந்தக் கடிதத்தோடு நெட்டையிடம் கூடையைக் கொடுத்தனுப்புகிறேன். உள்ளே வீட்டுச் சாவி இருக்கிறது, வேறொன்றும் இல்லை. உங்கள் துணிமணிகளும் போர்வையும் அதில் அடங்கும் என்று அளந்து பார்த்துவிட்டேன்.

பூனை வெளுத்துவிடும் என்று மருத்துவர் உறுதி சொல்லியிருக்கிறார். உங்களைப் பற்றி நான் கேட்கவில்லை. வந்து இருங்கள், பார்ப்போம்.

அத்தான்